மறக்கச் சொல்லாதீர்கள்

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1916இல், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரை ஒட்டிய கிரெய்க்லாக்கர்ட் என்ற இடத்தில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளுக்காக ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. அங்கே வந்தவர்களில் பெரும்பாலோருக்கு உடம்பில் காயமில்லை. கை நடுங்கியது, பேச்சு திக்கியது, தூங்கினால் அலறி எழுந்தார்கள். குண்டு வெடித்த அதிர்வில் மூளை குலுங்கியதால் வந்த கோளாறு இது என்று முதலில் நினைத்து ‘ஷெல் ஷாக்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். குண்டு விழுந்த இடத்துக்கு அருகிலேயே இல்லாதவர்களுக்கும் அதே தொல்லைகள் வந்தபோது அந்த விளக்கம் ஆட்டம் கண்டது.

அந்த மருத்துவமனையில் பணியாற்றியவர்களில் ஒருவர் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ். நம் ஊரில் அவரை வேறு வகையில் அறிந்தவர்கள் உண்டு. 1901-02இல் நீலகிரியில் தங்கி, தோடர்களின் வம்சாவளிகளையும் சடங்குகளையும் கேட்டுக் கேட்டுப் பதிவுசெய்து, 1906இல் ‘தி தோடாஸ்’ என்ற நூலை வெளியிட்ட மானுடவியலாளர் அவர்தான். குறுக்கே பேசாமல் கேட்கும் பழக்கத்தை மலையிலிருந்தே கொண்டுபோனார் என்று நினைக்க எனக்குப் பிடித்திருக்கிறது.

அவரிடம் வந்த ஓர் இளம் அதிகாரி, போர்முனையில் தன் நண்பரைத் தேடிப் போனபோது உடல் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்ததைப் பார்த்தவர். அன்றிலிருந்து இரவுதோறும் அந்த நண்பர் கனவில் வந்தார். அதிகாரிக்குக் கிடைத்த அறிவுரை ஒன்றே ஒன்று: அதை நினைக்காதே, மனத்தை வேறு எதிலாவது திருப்பு. பகலெல்லாம் அவர் அதைத்தான் செய்தார். பகலில் அடைத்து வைத்ததெல்லாம் இரவில் திறந்துகொண்டது. ரிவர்ஸ் அந்த நினைவைத் தள்ளச் சொல்லவில்லை. இருவரும் உட்கார்ந்து அதைப் பற்றியே பேசினார்கள். உடல் அப்படிச் சிதறியிருக்கிறது என்றால் உங்கள் நண்பர் வலியே தெரியாமல், நொடியில் இறந்திருக்க வேண்டும் என்று ரிவர்ஸ் சுட்டிக்காட்டினார். அதிகாரியின் முகம் தெளிந்தது. சில இரவுகள் கனவே வரவில்லை. பிறகு ஒரு கனவு வந்தது. அதில் அவர் போர்க்களத்துக்குள் நடந்துபோய், நண்பரின் உடல் அருகே மண்டியிட்டு, குடும்பத்தாரிடம் சேர்ப்பதற்காக அவருடைய பொருள்களை எடுத்தார். காட்சி அதேதான். ஆனால் திகில் இல்லை, துக்கம் மட்டும் இருந்தது.

இன்னோர் அதிகாரியின் கதையையும் ரிவர்ஸ் மறைக்காமல் எழுதினார். குண்டுவெடிப்பில் தூக்கி வீசப்பட்ட அவருடைய முகம், பல நாள் கிடந்து ஊதிய ஒரு பிணத்தின் வயிற்றில் போய் மோதியது. அந்த நினைவில் பற்றிக்கொள்ள நல்ல அம்சம் ஒன்றுகூட ரிவர்ஸுக்குக் கிடைக்கவில்லை. ராணுவத்தை விட்டு விலகி, முன்பு தனக்கு நிம்மதி தந்த கிராமப்புறத்துக்கே போய்விடும்படி சொன்னார். இவ்விரண்டு கதைகளும் 1917 டிசம்பரில் அவர் மருத்துவர்கள் முன் வாசித்த கட்டுரையில் இருக்கின்றன. நினைவை அமுக்குவது நோயை வளர்க்கிறது என்பது அவர் வாதம். நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. நம் வீடுகளில் இன்றும் முதலில் வரும் வாக்கியம், “அதையே நெனச்சுக்கிட்டு இருக்காத, மறந்துடு” என்பதுதான்.

பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் நோய், சுருக்கமாக பி.டி.எஸ்.டி., என்ற பெயர் 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் ஏறியது. வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களும், பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களோடு பணியாற்றியவர்களும் பல ஆண்டுகள் போராடியதன் பலன் அது. யாழ்ப்பாணத்தில் மனவடு என்ற சொல் புழங்குகிறது. இந்த நோய் போரில்தான் வரும் என்றில்லை. விபத்து, வன்முறை, தீ, வெள்ளம், உயிரோ உடலோ போய்விடும் என்று தோன்றிய எந்தத் தருணத்துக்குப் பின்னும் வரலாம்.

ஒரு பேருந்து விபத்தை வைத்துப் பார்ப்போம். நள்ளிரவு கடந்த நேரம், மழை. நெடுஞ்சாலையோரம் நின்றிருந்த லாரியின் பின்புறத்தில் பேருந்து மோதுகிறது. நடு வரிசையில் இருந்த ஒருவர் சிராய்ப்போடு தப்பிவிடுகிறார். பக்கத்து இருக்கைக்காரர் இறந்துபோகிறார். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் மனிதர் வேலைக்குப் போகிறார், சாப்பிடுகிறார். ஆனால் மழை தூறினால் வைப்பர் கண்ணாடியில் உராயும் சத்தம் காதுக்குள் கேட்கிறது. டீசல் நெடி அடித்தால் உள்ளங்கை வியர்த்து, அந்த இருக்கையில் மறுபடி உட்கார்ந்திருக்கிறார். முதலில் பேருந்தைத் தவிர்த்து ரயிலில் போனார். பிறகு இரவுப் பயணம் வேண்டாம் என்றார். பிறகு பெருஞ்சாலையைக் கடக்க வேண்டிய உறவினர் வீடுகளுக்குப் போவதை நிறுத்தினார். பையன் பின்னாலிருந்து தோளைத் தொட்டதற்கு அறைந்துவிட்டார். ‘நான் ஜன்னல் பக்கம் கேட்காமல் இருந்திருந்தால் அந்த ஆள் பிழைத்திருப்பார்’ என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. மனைவி சொல்கிறார், “அதான் உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே. சாமி காப்பாத்திடுச்சு. இன்னும் ஏன் இப்படி?”

நோயின் நான்கு முகங்களும் இந்த ஒரே மனிதரிடம் இருக்கின்றன: அழைக்காமல் வரும் நினைவு, தவிர்ப்பு, எண்ணங்களிலும் உணர்ச்சிகளிலும் விழுந்த கருமை, எந்நேரமும் விறைத்து நிற்கும் உடல். இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வாழ்க்கையைக் குலைத்தால்தான் மருத்துவர்கள் இந்தப் பெயரைச் சொல்வார்கள். முதல் சில வாரங்களில் தூக்கம் கெடுவதும், திடுக்கிடுவதும், அழுவதும் ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டு. அது நோயில்லை.

மனைவியின் கேள்வி நியாயமானது. ஆபத்து முடிந்துவிட்டது, ஆள் பிழைத்துவிட்டார். உடல் ஏன் நம்ப மறுக்கிறது?

மூளையின் பக்கவாட்டில், உள்ளே ஆழத்தில், பாதாம் பருப்பு அளவில் அமிக்டலா என்ற பகுதி இருக்கிறது. ஆபத்தை உணர்ந்து உடலை உசுப்பும் வேலையில் அதற்குப் பெரிய பங்கு. அட்ரினலின், நாரட்ரினலின் என்ற ஹார்மோன்கள் பாய்கின்றன, இதயம் வேகம் எடுக்கிறது, அந்த நொடியின் நெடி, சத்தம், வெளிச்சம் எல்லாம் அழுத்தமாகப் பதிகின்றன. இப்படிப் பதிவதால்தான் விலங்குகள் இரண்டாவது தடவை அதே பொறியில் சிக்காமல் தப்பிக்கின்றன. அருகிலேயே இருக்கும் ஹிப்போகேம்பஸின் வேலை வேறு. இது எங்கே நடந்தது, எப்போது நடந்தது, இதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று கோத்து வைப்பது. கடும் பீதியில் முதல் வேலை மிகையாகவும் இரண்டாவது வேலை குறையாகவும் நடந்துவிடுகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் விளக்குகிறார்கள். அஞ்சலகத்தில் தேதி முத்திரை விழாமல் வந்த கடிதம்போல, அந்த நினைவு எப்போது திறந்தாலும் இன்று எழுதியதாகவே படுகிறது. பேருந்தில் தப்பியவர் விபத்தை ‘நினைத்துப் பார்ப்பதில்லை’. விபத்து அவருக்கு மறுபடி நடக்கிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதிகள் ‘இது வெறும் டீசல் வாசனை’ என்று அமிக்டலாவை அமர்த்த வேண்டும். இந்த நோயில் அந்தக் கடிவாளம் தளர்ந்திருக்கிறது.

ஏன் ஒருவருக்கு வருகிறது, பக்கத்தில் இருந்தவருக்கு வருவதில்லை? 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வு இரட்டையர்களைப் பார்த்தது. ஒருவர் வியட்நாம் போருக்குப் போனவர், மற்றவர் வீட்டிலேயே இருந்தவர். கடுமையான பி.டி.எஸ்.டி. உள்ள வீரர்களின் ஹிப்போகேம்பஸ் சிறியதாக இருந்தது. போரையே பார்க்காத அவர்களுடைய இரட்டைச் சகோதரர்களுக்கும் அப்படியே இருந்தது. அதாவது அந்த வேறுபாட்டில் ஒரு பங்காவது போருக்கு முன்பே இருந்தது. கோழைத்தனம், மனத்திடம் இல்லாமை என்றெல்லாம் பேசுபவர்களுக்கு இந்த ஒரு ஆய்வை எடுத்துச் சொன்னால் போதும். உயரத்தைப் போல இதுவும் யாரும் கேட்டு வாங்கியதில்லை.

இனி ரிவர்ஸ் தொட்ட இடத்துக்கு வருவோம். தவிர்ப்பது ஏன் நோயை வளர்க்கிறது? விபத்தில் தப்பியவர் பேருந்தில் ஏறாமல் திரும்பும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு லேசாகிறது. மூளை அதை ஒரு பாடமாக எடுத்துக்கொள்கிறது: ஓடியதால்தான் பிழைத்தோம். டீசல் நெடி வந்தது, ஒன்றும் ஆகவில்லை, நெடி போய்விட்டது என்ற மற்றப் பாடத்தைக் கற்க அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. பயம் அழியாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மணியோசைக்கு எச்சில் ஊறப் பழகிய நாய்களுக்கு அந்தப் பழக்கத்தைப் போக்கிய பிறகும், சில காலம் கழித்து அது தானாகத் திரும்புவதை ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவ் பார்த்தார். பழைய பாடம் இருந்த இடத்திலேயே இருக்கும். அதன் மேல் ஒரு புதிய பாடம் எழுதப்படுகிறது. குணமானவருக்கும் விபத்து நடந்த மாதம் வந்தால், அதே மழை பெய்தால், பழையது தலைகாட்டலாம். சிகிச்சை தோற்றுவிட்டது என்று அதற்குப் பொருளில்லை.

இந்த அடிப்படையில் எட்னா ஃபோவா என்ற உளவியலாளர் 1980களில் ஒரு சிகிச்சையை வளர்த்தெடுத்தார். நோயாளி நடந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு, இப்போது நடப்பதுபோல, வாய்விட்டுச் சொல்கிறார். அதைப் பதிவுசெய்து வீட்டில் மறுபடி மறுபடி கேட்கிறார். இன்னொரு பக்கம், தவிர்த்த இடங்களுக்குப் படிப்படியாகப் போகிறார். விபத்தில் தப்பிய நம் ஆள் என்றால், முதலில் பணிமனையில் நிற்கும் பேருந்தில் ஏறி உட்காருவது, பிறகு பகலில் இரண்டு நிறுத்தம் போவது. வாரம் ஒன்றிரண்டு அமர்வு, மொத்தம் எட்டிலிருந்து பதினைந்து. கேட்கக் கொடுமையாகத்தான் இருக்கும். ஆனால் உலகெங்கும் மிக நன்றாகச் சோதிக்கப்பட்ட முறைகளில் இதுவும் ஒன்று. கண்ணசைவை இணைத்துச் செய்யும் ஈ.எம்.டி.ஆர். முறையையும் உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தது. அதில் பலன் தருவது கண்ணசைவா, நினைவை எதிர்கொள்வதா என்ற விவாதம் ஓயவில்லை.

தமிழ்ப் பிள்ளைகளிடம் சோதிக்கப்பட்ட ஒரு முறையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேகி ஷாவர், ஃப்ராங்க் நாய்னர், தாமஸ் எல்பர்ட் ஆகியோர் போர் அகதிகளுக்காக உருவாக்கியது இது. கதையாகச் சொல்லி நினைவை எதிர்கொள்ளும் சிகிச்சை. தரையில் ஒரு கயிற்றை நீட்டுகிறார்கள். அதுதான் வாழ்க்கை, ஒரு முனை பிறப்பு. நல்லது நடந்த இடங்களில் பூ வைக்க வேண்டும், கெட்டது நடந்த இடங்களில் கல். பள்ளியில் சேர்ந்த நாளுக்கு ஒரு பூ. ஷெல் விழுந்த நாளுக்கு ஒரு கல். தங்கை பிறந்ததற்குப் பூ. கடல் வந்த நாளுக்குப் பெரிய கல். கயிற்றின் மறுமுனை சுருட்டியே வைக்கப்பட்டிருக்கும், அது இன்னும் வாழாத காலம். அடுத்த அமர்வுகளில் ஒவ்வொரு கல்லாக எடுத்து, அன்று என்ன பார்த்தாய், என்ன கேட்டாய், உடம்பு என்ன செய்தது, இப்போது சொல்லும்போது உடம்பு என்ன செய்கிறது என்று கேட்டு எழுதுகிறார்கள். மறுமுறை வரும்போது எழுதியதை வாசித்துக் காட்டித் திருத்துகிறார்கள். முடிவில் முழுக் கதையும் சொன்னவர் கையிலேயே கொடுக்கப்படுகிறது. கல்லுக்கு முன்னும் பின்னும் கயிறு ஓடுகிறது என்பதை அந்தக் குழந்தை தன் கண்ணால் பார்க்கிறது.

இலங்கையின் வடகிழக்கில், போரையும் 2004 சுனாமியையும் ஒருசேர அனுபவித்த 31 பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார்கள். பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களே நடத்தினார்கள். ஒரு பாதிப் பிள்ளைகளுக்குக் கயிறும் கதையும். மறு பாதிக்கு மூச்சுப் பயிற்சி, தியானம், தளர்வுப் பயிற்சி. இரு குழுவினருக்கும் ஆறு அமர்வுகள். ஆறு மாதம் கழித்துக் கதைக் குழுவில் 81 விழுக்காட்டினரும் தியானக் குழுவில் 71 விழுக்காட்டினரும் குணமாகியிருந்தார்கள். 2009இல் வெளியான இந்த ஆய்வு சிறியது. எதுவும் செய்யாமல் விட்ட மூன்றாவது குழு அதில் இல்லை. ஆனாலும் இரண்டு செய்திகளை அது சுட்டுகிறது. பட்டணத்து மனநல மருத்துவருக்காகக் காத்திருக்காமல் உள்ளூர் ஆள்களே பயிற்சி பெற்று இதைச் செய்ய முடியும். நினைவை நேருக்கு நேர் பார்க்க முடியாதவருக்கு மூச்சும் தியானமும் வெறும் ஆறுதலில்லை. அதுவும் ஒரு வழி.

யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார். தளர்வுப் பயிற்சியில் இந்து நோயாளிக்கு ஓம் நமசிவாய, கத்தோலிக்கருக்குச் செபமாலை, இஸ்லாமியருக்கு சுபஹானல்லாஹ் என்று அவரவர் வாய்க்குப் பழகியதையே கொடுத்தார். “பயந்துட்டான், மந்திரிச்சுட்டு வாங்க” என்று நம் ஊரில் சொல்லும்போது அதில் ஒரு கவனிப்பு இருக்கிறது. பயம் உடம்பில் தங்கிவிட்டது என்ற புரிதலும் இருக்கிறது. திருநீறு பூசிவிட்டு ஒரு மாதம் பார்ப்பதில் குற்றமில்லை. அதோடு நின்றுவிட்டால்தான் குற்றம்.

மருந்து உதவுமா என்றால், செர்ட்ரலின், பராக்ஸெட்டின் போன்றவை சிலருக்கு ஓரளவு உதவுகின்றன, குறிப்பாக மனச்சோர்வும் சேர்ந்திருந்தால். தூக்கத்துக்கென்று தரப்படும் பென்சோடயசெபைன் வகை மாத்திரைகளை அதிர்ச்சிக்குப் பிந்தைய முதல் மாதத்தில் தர வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாராயமும் அப்படித்தான். அன்றிரவு தூங்க வைக்கும், மறுநாளை இன்னும் விறைப்பாக்கும்.

இவ்வளவு சொன்னதால், அதிர்ச்சி அடைந்த எல்லோருக்கும் இந்த நோய் வரும் என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலோர் தாமாகவே தேறிவிடுகிறார்கள். வாழ்நாளில் இப்படிப்பட்ட நிகழ்வைச் சந்தித்தவர்களில் 5.6 விழுக்காட்டினருக்குத்தான் பி.டி.எஸ்.டி. வருகிறது என்பது உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்கு. பாலியல் வன்முறையிலும் போரிலும் இது பலமடங்கு கூடும். சுனாமி வந்து இரண்டு மாதத்தில் தமிழ்நாட்டு மீனவக் கிராமம் ஒன்றில் நடந்த கணக்கெடுப்பில் 12.7 விழுக்காட்டினருக்கு நோய் இருந்தது. யாருக்கு அதிகம் என்பதுதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது: பெண்களுக்கு, காயம் பட்டவர்களுக்கு, வீட்டில் வருமானமே இல்லாமல் போனவர்களுக்கு. வருமானத்துக்கு வழிசெய்வதிலும் கவனம் வேண்டும் என்று அந்த ஆய்வாளர்களே எழுதினார்கள்.

அதனால், பேரிடர் நடந்த மறுநாளே போய், எல்லோரையும் உட்காரவைத்து, என்ன பார்த்தீர்கள் சொல்லுங்கள் என்று கிளறுவதும் தவறு. அப்படி ஒரே அமர்வில் கொட்டச் செய்யும் முறை ஒருகாலத்தில் பரவலாக இருந்தது. சோதித்துப் பார்த்தபோது அது நோயைத் தடுக்கவில்லை, சிலருக்குத் தீங்கும் செய்தது. முதல் நாள்களில் வேண்டியது சோறு, போர்வை, காணாமல்போன பிள்ளையைப் பற்றிய சரியான தகவல், பக்கத்தில் அமைதியாக உட்கார ஓர் ஆள். பேச வந்தால் கேட்க வேண்டும். வராவிட்டால் விட்டுவிட வேண்டும். மறக்கச் சொல்லாமல் இருப்பதும் பேசச் சொல்லி வற்புறுத்துவதும் ஒன்றல்ல.

சிகிச்சை முறைகள் அனைத்துக்கும் அடியில் ஓர் எண்ணம் இருக்கிறது: ஆபத்து முடிந்துவிட்டது, மூளைக்குத்தான் அது தெரியவில்லை. முடியாமலே இருந்தால்? போர் முடிந்த 2009இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் எடுத்த ஆய்வில் பி.டி.எஸ்.டி. 7 விழுக்காடு, பதற்றநோய் அறிகுறிகள் 32.6 விழுக்காடு. அப்போதும் இடம்பெயர்ந்து முகாமில் இருந்தவர்களிடம் பாதிப்பு கூடுதலாக இருந்தது. காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 முதல் வடக்கில் வீதியோரப் பந்தலில் படங்களோடு உட்கார்ந்தார்கள். அந்தியேட்டி என்ற ஈமச்சடங்கைச் செய்ய உடல் இல்லை, செய்தால் பிள்ளை இறந்ததாக ஒப்புக்கொண்டதாகிவிடும். அவர்களுடைய கயிற்றில் அந்தக் கல்லை எங்கே வைப்பது? இது ஒரு தனி ஆளின் மூளைக் கோளாறு மட்டுமல்ல, ஒரு சமூகமே சுமக்கும் கூட்டுமனவடு என்று சோமசுந்தரம் எழுதியது இதனால்தான். உண்மையைச் சொல்வதும் நீதி வழங்குவதும் எந்த மருந்துக் கடையிலும் கிடைப்பதில்லை.

போருக்கு இவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நம் தெருவில், அடிக்கிற கணவனோடு அதே வீட்டில் இருக்கும் பெண்ணுக்கும் ஆபத்து முடிந்துவிடவில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் அவர் உடம்பு விறைப்பது நோயின் பிழைக் கணக்கில்லை, சரியான கணக்கு. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல் இத்தகைய நீண்டகால வன்முறைக்குப் பின் வரும் நிலையைச் சிக்கலான பி.டி.எஸ்.டி. என்று தனியாகப் பிரித்தது. அந்தப் பெண்ணுக்கு முதல் சிகிச்சை பாதுகாப்பான ஓர் இடம். நினைவைப் பற்றிய பேச்சு அதற்கப்புறம்.

வீட்டில் ஒருவர் இப்படி இருந்தால் நம்மால் முடிந்தது கொஞ்சம் உண்டு. பின்னாலிருந்து தொடாமல் முன்னால் வந்து பெயர் சொல்லிக் கூப்பிடலாம். நினைவு அடித்துக்கொண்டு வரும் நேரத்தில் தர்க்கம் பேசாமல், “நான் பக்கத்துலதான் இருக்கேன், இது நம்ம வீடு, இன்னிக்கு வெள்ளிக்கிழமை” என்று சொல்லலாம். கையில் குளிர்ந்த தண்ணீர்ச் சொம்பைக் கொடுக்கலாம். கண்ணுக்குத் தெரியும் பொருள்களைப் பெயர் சொல்லச் சொல்லலாம். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கச் சொல்லலாம். அந்த அலை சில நிமிடங்களில் இறங்கிவிடும். அவர் தவிர்ப்பதற்கெல்லாம் நாமும் துணைபோய், கடைக்கும் வங்கிக்கும் நாமே ஓடினால் அவர் உலகம் சுருங்கிக்கொண்டே போகும். கூடவே போவது நல்லது. பதிலாகப் போவது நல்லதல்ல.

ஒரு மாதம் தாண்டியும் குறையவில்லை என்றால், அல்லது செத்துவிடலாம் என்ற பேச்சு ஒரே ஒரு தடவை வந்தாலும் உடனே, மருத்துவரிடம் போக வேண்டும். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. டெலி மானஸ் உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926. போகும்போது தூக்கமில்லை, தலைவலி என்று மட்டும் சொல்லிவிட்டு மாத்திரையோடு திரும்பிவிடாதீர்கள். இன்னது நடந்தது, அன்றிலிருந்து இப்படி இருக்கிறது என்று நடந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதிர்ச்சி நினைவுகளுக்கான பேச்சு சிகிச்சை இங்கே தருகிறீர்களா, இல்லையென்றால் எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள்.